பட்டியலில் விட்டுப்போன நாள்

கோட்டைச் சரக்குக் கிட்டங்கியில் என் மேசைக்கு எதிரே, ஆறு தாள்களைக் கஞ்சிப் பசையால் ஒட்டி ஒரே தாளாக்கிச் சுவரில் மாட்டியிருந்தேன். ஆடி முதல் ஐப்பசி வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. அந்த நாளில் யார் யார் வேலைக்கு வரமாட்டார்கள் என்பது மட்டும்தான் அந்த வரியில் இருக்கும். வருகிறவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

உலாந்தா தேசத்து வெள்ளைக்கார வியாபாரிகளின் அந்தக் கிட்டங்கியில் நான் எழுத்தனாகச் சேர்ந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் கிடையாது. நைனா ஒரு மசூலா படகின் தண்டல். பத்துத் துடுப்புக்காரர்கள் அவர் சொல்லுக்குத் துடுப்புப் போடுவார்கள். பழவேற்காட்டில் கப்பல் கரைக்கு வராது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு ஏரியின் முகத்துவாரத்தைக் கடந்து, அலை உடைகிற மணல்திட்டையும் தாண்டித்தான் அதனிடம் போக வேண்டும். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த எங்கள் குப்பத்துப் படகுகள் இல்லையென்றால் ஒரு சிப்பமும் கப்பல் ஏறாது. கப்பல் இல்லாத நாட்களில் அதே ஆட்கள் ஏரியில் இறால் வலை கட்டுவார்கள்.

கோட்டைக்கு வெளியே உலாந்தாக்காரர் நடத்திய பள்ளியில் நைனா என்னைச் சேர்த்தபோது, வீட்டுக்கு ஒரே பையனைக் கொண்டுபோய் மையில் முக்குகிறானே என்று குப்பத்தில் சிரித்தார்களாம். எனக்கு இரண்டு தங்கைகள். வலையில் நிற்க நைனாவை விட்டால் வேறு ஆண் இல்லை.

அந்த வருடம், கடலுக்கு அப்பால் உலாந்தாக்காரரின் தலைமை இடமான படேவியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுபத்திரண்டு சிப்பம் சிவப்புச் சாயத் துணி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அங்கே சீனர்கள் ஏராளமாம். அவர்களுடைய வருடப் பிறப்புக்கு வாசல் முதல் குழந்தை இடுப்பு வரை எல்லாம் சிவப்பாக இருக்க வேண்டுமாம். அந்த நாளுக்கு முன் துணி போய்ச் சேர்ந்தால் கடைக்காரர்கள் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். ஒரு நாள் பிந்தினாலும் அடுத்த வருடம் வரை பூச்சி அரிக்கக் கிடக்கும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் கிட்டங்கித் துரை. தீராத பல்வலிக்காரர். எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்துக்கொண்டு, வாயை அதிகம் திறக்காமலே பேசுவார்.

சீனர் வருடப் பிறப்பு எப்போது என்று கேட்டேன். அவர் தம்முடைய மாதக் கணக்கில் ஒரு தேதி சொல்லி, அது வருடத்துக்கு வருடம் நகரும், நிலாவைப் பார்த்து வைப்பார்கள் என்றார். நான் மேசையில் உட்கார்ந்து நிலாவை எண்ணினேன். அது நம்முடைய தை அமாவாசையாக இருந்தது. கடல் கடந்து யாரோ நம் அமாவாசையன்று புதுத்துணி உடுத்துகிறார்கள் என்பதில் எனக்கு அன்று முழுக்க ஒரு பரவசம். பிறகு அங்கிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தேன். அங்கே விற்கவும் தைக்கவும் இரண்டு மாதம். கடலில் இரண்டு மாதம். அப்படியானால் புரட்டாசி முடிவதற்குள் கப்பல் இங்கிருந்து கிளம்ப வேண்டும். வாடைக் காற்று பிடித்துவிட்டால் எந்தக் கப்பலும் இந்தக் கரையில் நிற்காது என்பதால், எப்படிப் பார்த்தாலும் புரட்டாசிதான் கடைசி.

புரட்டாசியைப் போல விடுமுறை மலிந்த மாதம் கிடையாது. அதனால்தான் அந்தப் பட்டியல். துரை கேட்கவில்லை, நானாகச் செய்தேன். எளாவூர்ப் பக்கத்துத் தறிக்காரர்களிடம் நடந்தே போய்க் கேட்டேன். அமாவாசையன்று தறி ஓடாது, மகாளய அமாவாசையென்றால் முதல் நாளும் ஓடாது என்றார்கள். சாயக்காரர்கள் நவராத்திரியின் முதல் நாள் தொட்டியைத் தொடமாட்டார்கள். மற்ற நாட்களில் அவர்களுக்கு வெயில் வேண்டும். மழை பெய்தால் அவர்களுக்கு எல்லா நாளும் விடுமுறை. சுமைக்காரர்கள் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளைப் பார்த்துவிட்டு வெயில் ஏறிய பிறகுதான் வருவார்கள். துரைக்கு ஞாயிறு. ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும்.

சிப்பம் கட்டுகிறவர்கள் மரைக்காயர்கள். அந்த வருடம் நோன்பு மாதம் சரியாகப் புரட்டாசி அமாவாசையோடு முடிந்தது. அவர்களுடைய மேஸ்திரியிடம் பெருநாள் வியாழனா வெள்ளியா என்று கேட்டேன்.

“இப்பவே எழுதாத தம்பி. பிறை தெரிஞ்சாத்தான் பெருநாள்” என்றார்.

நான் இரண்டு நாளையும் எழுதிக்கொள்கிறேன், இரண்டு நாளும் யாரும் வரவேண்டாம் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

“அல்லா குடுத்தது ஒரு நாள். நீ ரெண்டா குடுக்குற. எங்க புள்ளைங்க இனிமே உன்னைத்தான் கேப்பாங்க.”

இப்படி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி எழுதினேன். படகுக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு பத்தி இருந்தது. அதில் ஆயுத பூஜை ஒன்றைத் தவிர வேறு எதையும் நான் எழுதவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. தினமும் அங்கேதான் சாப்பிட்டேன், அங்கேதான் படுத்தேன். கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். அல்லது நினைக்கவே இல்லை.

பட்டியலைப் பார்த்த துரை கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு கப்பல் தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்து அதைக் காட்டினார். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பே, செவ்வாயன்று, சிவப்புச் சிப்பங்கள் எல்லாம் ஏறிவிடும் என்று நான் எழுதியிருந்தேன். இதை நம்பிக் கப்பல் தலைவர் விஜயதசமி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்ததும் பாய் விரிப்பதாக முடிவு செய்தார். அதற்கு மேல் ஒரு பொழுதும் நிற்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

பெருநாள் வெள்ளியன்று வந்தது. சனிக்கிழமை மழை பிடித்தது.

மூன்று நாள் விடாமல் பெய்தது. சாயக்காரர் முற்றத்தில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே, கடைசி முழுக்கு முடித்த சிவப்புத் துணிகள் ஈரத்தோடு மலை மலையாகக் கிடந்தன. காயாமல் மடித்தால் கறை விழும், கறை விழுந்தால் எந்தச் சீனரும் தொடமாட்டார். நான் கிட்டங்கிக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வானத்தைப் பார்ப்பதும் விரல் விட்டு எண்ணுவதுமாகக் கழிந்தது. சனி போச்சு, ஞாயிறு போச்சு, திங்கள் போச்சு. செவ்வாயன்று வெயில் வந்ததும் முற்றம் போதாமல் கோட்டை அகழிக் கரை முழுக்கத் துணியை விரித்தோம். செவ்வாயும் புதனும் காய்ந்தது. மரைக்காயர் ஆட்கள் காய்ந்தது காய்ந்ததாகச் சிப்பம் கட்டினார்கள். புதன் மாலைக்குள் எழுபத்திரண்டும் முடிந்தது. வியாழன் ஆயுத பூஜை, ஒருவரும் வரமாட்டார்கள். வெள்ளி விஜயதசமி, கோயில் முடிந்து பிற்பகல்தான் ஆள் கிடைக்கும், சிப்பம் கரைக்கு வருவதற்குள் இருட்டிவிடும். ஞாயிறு கப்பல் கிளம்பிவிடும்.

மிச்சம் சனிக்கிழமை ஒன்றுதான். பட்டியலில் அந்த வரியில் சுமைக்காரர்களின் பெருமாளைத் தவிர எதுவும் இல்லை. ஆறு படகு, படகுக்கு ஆறு சிப்பம், இரண்டு நடை. வெயில் ஏறிய பிறகு தொடங்கினாலும் மாலைக்குள் முடிந்துவிடும் என்று துரையிடம் சொன்னேன்.

அந்தப் புதன்கிழமை காலை கஞ்சி ஊற்றும்போது அம்மா, “தண்ணி செவந்துடுச்சு” என்றாள். எனக்குச் சிவப்பு என்றாலே துணிதான் நினைவில் ஓடியது. ம் என்று குடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

வெள்ளி உச்சிவேளையில் கிட்டங்கியில் நானும் துரையும் சிப்பங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது குப்பத்துப் பக்கமிருந்து தப்பட்டைச் சத்தம் கேட்டது. ஒரே தாளம், நிறுத்தி நிறுத்தி, மூன்று தடவை. துரை கல்யாணமா என்று கேட்டார். தாளம் எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து வருடா வருடம் கேட்டிருக்கிறேன்.

நாளைக்குப் பாடு.

ஏரியில் இறால் கொட்டுகிற இடம் சிலதான் உண்டு, முகத்துவாரத்தை ஒட்டி. எல்லா வீட்டாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட இடம் போதாது. அதனால் ஒன்பது முறையாகப் பிரித்து, எந்த வீட்டுக்கு எந்த முறை என்று வருடத்துக்கு ஒரு தடவை சீட்டு எடுப்பார்கள். ஒன்பது நாளைக்கு ஒரு நாள் அந்த வீட்டுக்கு. அதற்குப் பெயர் பாடு. சீட்டு எடுக்க வலைக்காரன் தானே வந்து நிற்க வேண்டும். கூப்பிடும்போது ஆள் இல்லாத வீட்டுக்கு அந்த வருடம் ஏரியில் முறை இல்லை; அடுத்தவன் வலையில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். பஞ்சாங்கத்தில் இந்த நாள் கிடையாது. முதல் பெருமழையில் ஆற்றுத் தண்ணீர் வந்து ஏரி சிவக்க வேண்டும். குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரர் முகத்துவாரத்துத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு இறங்கிவிட்டது என்றால் தப்பட்டை அடிக்கச் சொல்வார். மறுநாள் சீட்டு.

மூன்று நாள் மழையை நான் வெறும் நாள் நஷ்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மழை அந்த மூன்று நாளும் ஏரியில் வேறொரு நாளைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது. கோட்டைக்கு வருவதற்கு முன்பென்றால், கரையில் கால் நனைத்தவுடன் பாடு நெருங்கிவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

துரையிடம் முழுவதையும் சொன்னேன். அவர் சிப்பாய்களை அனுப்பிப் படகுக்காரர்களைக் கூட்டி வரலாம் என்றார். மிரட்டி ஏற்றின துடுப்புக்காரனை வைத்து அந்த மணல்திட்டைத் தாண்ட முடியாது, துணி கடலில்தான் இறங்கும் என்றேன். அது அவருக்கும் தெரியும். சுவர்ப் பக்கம் போய்ப் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படகுக்காரர் பத்தியின் வெற்றிடத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். ஊரில் எல்லாருடைய நாளும் உனக்குத் தெரிந்திருக்கிறது, உன் தகப்பன் நாள் மட்டும் தெரியவில்லை என்றார். இந்தத் துணி ஏறாவிட்டால் படேவியாவுக்குக் காரணம் எழுத வேண்டியவர் அவர். அவர் அதை எழுதி முடித்ததும் நான் என் எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டுக் குப்பத்துக்குப் போய்விடலாம் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

குப்பத்தில் பெரியதனக்காரர் படகு மறைவில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உறவில் எனக்கு மாமா. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். நைனாவும் இருந்தார். நான் கோட்டைச் சட்டையோடு நேரே வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“கோட்டையாரு வந்துட்டாருடா. எழுந்து நில்லுங்க எல்லாரும்” என்றார் மாமா. யாரும் எழவில்லை. சிரித்தார்கள்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். எழுபத்திரண்டு சிப்பம், ஞாயிறு கப்பல், நாளை ஒரு நாள்தான். சீட்டை ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

“எறா உன் பட்டியலப் படிச்சிட்டா வருது? நாளைக்கு சாயந்தர நீரோட்டத்துக்கு மொத வலை கட்டியாவணும். தள்ளி வெச்சா வெளியூரான் வந்து கட்டுவான்.”

“அப்ப காலைல வேணாம் மாமா. உச்சிக்கு வெச்சுக்கலாம். அதுக்குள்ள ரெண்டு நடை அடிச்சிட்டு வந்துடுவாங்க.”

“சுமைக்காரன் பெருமாள சேவிச்சிட்டு வந்து தூக்கவே பாதி காலை போயிடுமே. இதுல ரெண்டு நடை எப்படி அடிப்ப?”

அதை யோசித்துக்கொண்டேதான் வந்திருந்தேன். சிப்பங்களை இன்றைக்கே படகுத்துறை மணலுக்குக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன், விடிந்ததும் படகுக்காரர்களே ஏற்றிக்கொள்ளட்டும் என்றேன். மாமா கயிற்றைக் கீழே வைத்தார். நைனா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டங்கியில் கொடுத்த செருப்பு.

“உச்சி” என்றார் மாமா கடைசியில். “நட்டு வெச்ச கழி நெழலு அடியில அடங்கினதும் கூப்புட ஆரம்பிச்சிடுவேன். அப்பால எவனுக்காவும் நிக்க மாட்டேன். உங்க நைனாவுக்காவும் நிக்க மாட்டேன்.”

கோட்டைக்கு வெளியே மணலில் துணியை வைப்பதற்குத் துரை சம்மதித்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒரு சிப்பம் நனைந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கோயிலிலிருந்து வந்த சுமைக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் எழுபத்திரண்டையும் பாய் விரித்து அடுக்கிவிட்டார்கள். கிட்டங்கிச் சேவகர்கள் நான்கு பேர் காவல் இருந்தார்கள். நானும் இருந்தேன்.

சனிக்கிழமை விடியும்போது கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. முதல் நடை அவ்வளவு சுலபமாக முடிந்தது, எனக்கே பயமாக இருந்தது. ஆறு படகும் முகத்துவாரத்தைத் தாண்டிப் போய், கப்பலில் முப்பத்தாறு சிப்பத்தை ஏற்றிவிட்டு, வரிசை கலையாமல் திரும்பின. நான் கையில் தாளோடு கரையில் நின்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். இரண்டாம் நடைக்கு ஏற்றும்போது நைனா காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினார். வடக்கிலிருந்து ஒரு குளிர்ந்த இழை வந்தது. எனக்கும் பட்டது.

இரண்டாம் நடை வெளியே போகும்போதே மணல்திட்டில் அலை வெள்ளையாக உடைய ஆரம்பித்துவிட்டது. படகுகள் ஒவ்வொன்றாக மூக்கைத் தூக்கி விழுந்து தாண்டின. நைனாவின் படகு கடைசி. மற்றப் படகுகளில் ஒரு சிப்பம்கூட மிச்சமில்லாமல் ஏறின பிறகுதான் அவர் தம்முடையதைக் கப்பலோரம் கொண்டுபோவார். ஆறு படகுக்கும் தலைமைத் தண்டல் அவர்; தலைமைத் தண்டலுக்கு அதுதான் வழக்கம். காலையில் அந்த வழக்கத்தை நான் ஒரு கணம் நினைத்திருந்தால் வரிசையை மாற்றச் சொல்லியிருப்பேன். அதுவும் என் தாளில் இல்லை.

முகத்துவாரத்துக்கு இந்தப் பக்க மணல்மேட்டில்தான் சீட்டு. கழி நட்டிருந்தார்கள். பக்கத்தில் வாய் குறுகிய மண்குடம், உள்ளே ஒன்று முதல் ஒன்பது வரை கோடு கீறிய ஓலைத் துண்டுகள், வீட்டுக்கு ஒன்றாக. குப்பத்து ஆண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு படகு திரும்பியது. இரண்டு, மூன்று. துடுப்புக்காரர்கள் சொட்டச் சொட்ட ஓடிவந்து வட்டத்தில் உட்கார்ந்தார்கள். நான்காவதும் ஐந்தாவதும் அலையில் பக்கவாட்டில் திரும்பி, எப்படியோ நிமிர்ந்து வந்து சேர்ந்தன. ஐந்தாவது படகின் தண்டல், எங்கள் நைனா படகில் இன்னும் இரண்டு சிப்பம் ஏற வேண்டியிருக்கிறது, காற்றில் கப்பல் கயிறு சிக்கிக்கொண்டது என்றார்.

கழியின் நிழல் அடியில் அடங்கியது. மாமா எழுந்து நின்றார்.

ஒவ்வொரு வீட்டுக்காரராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் எழுந்து வந்து குடத்தில் கையை விட்டு ஓலையை எடுத்துக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நைனா படகில் இருந்த மற்றப் பத்துப் பேர் வீட்டிலிருந்தும் அண்ணனோ தம்பியோ தகப்பனோ எழுந்து வந்தார்கள். எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் இல்லை. நான் கடலையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தேன். கப்பலோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்புப் புள்ளி விலகியது. கடைசிச் சிப்பம் ஏறிவிட்டது. என் எழுத்தன் வேலை பிழைத்தது. புள்ளி இனி மணல்திட்டுக்கு வந்து, அலை பார்த்து, நேரம் பார்த்து உள்ளே நுழைய வேண்டும்.

இதெல்லாம் தெரிந்துதான் நைனா போயிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று அவர் வாய் திறக்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அப்போதே ஒரு வருடப் பாட்டை விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டைக் கூப்பிட்டார் மாமா. பதில் இல்லை. வழக்கப்படி மூன்று தடவை கூப்பிட வேண்டும். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது நான் வட்டத்துக்குள் நுழைந்தேன்.

“நான் எடுக்கறேன்.”

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். “சீட்டு வலைக்காரனுக்கு. உன்ன மூணு வருசம் முன்னாலயே கழிச்சாச்சு. உங்க நைனாவே வந்து சொன்னாரு, பையன் வலைல இல்லைன்னு.”

“இப்ப இருக்கேன்.”

“கையக் காட்டு.”

நீட்டினேன். விரல் நுனியில் மை, நடுவிரலில் எழுதுகோல் வைத்த காய்ப்பு. கயிறு பிடித்த தடம் எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, எறா இந்தக் கையப் பாத்தா தானா வந்து பேரு குடுக்கும்டா என்றார். வட்டம் முழுக்கச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

“எடுத்தா நிக்கணும். ஒம்போது நாளைக்கு ஒரு தபா, ஒரு வருசம். நீ எடுத்தா நீதான் நிக்கணும், உங்க நைனா இல்ல. கோட்டைல மணி அடிச்சாலும் தண்ணிலதான் நிக்கணும். ஒரு தபா வரலைன்னாலும் வீட்டுப் பாடு போச்சு. புரிஞ்சுதா?”

புரிந்தது. கிட்டங்கியில் எழுத்தனுக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர விடுமுறை கிடையாது. ஒன்பது நாளைக்கு ஒரு நாள் வராத எழுத்தனை எந்தத் துரையும் வைத்துக்கொள்ள மாட்டார். அரை நாழிகைக்கு முன்பு பிழைத்த வேலையை இப்போது என் கையாலேயே குடத்துக்குள் விடுகிறேன் என்று தெரிந்தது. மாமா மூன்றாம் தடவை கூப்பிட வாயைத் திறந்தார். நான் கையை விட்டு எடுத்தேன். ஏழு கோடு.

நைனாவின் படகு உள்ளே வந்தபோது வட்டம் கலைந்திருந்தது. யாரோ அவரிடம் தண்ணீருக்குள்ளேயே போய்ச் சொல்லிவிட்டார்கள். அவர் துடுப்பைப் படகில் போட்டுவிட்டு, வேட்டியைப் பிழியக்கூட இல்லாமல் என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“இன்னாடா பண்ணிட்ட?”

நான் ஓலையைக் காட்டினேன்.

“ஒரு வருசம் கூலிக்கு நின்னுட்டுப் போறேன். எனக்கு அது பெரிசா? உன்னத் தண்ணிலேர்ந்து எடுக்கத்தானே இவ்ளோ நாளு…” முடிக்கவில்லை. ஓலையை வாங்கிக் கோட்டை எண்ணினார். படிக்கத் தெரியாதவர், கோடுகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். “ஏழு. இன்னிக்கு ஒண்ணுன்னா, வெள்ளிக்கெழம” என்றார். பிறகு, “செருப்போட வராத” என்று சொல்லிவிட்டுப் படகை இழுக்கப் போனார்.

மறுநாள் ஜெபம் முடிந்ததும் கப்பல் பாய் விரித்தது. வாடை அதைச் சீராகத் தெற்கே கொண்டுபோனது. எழுபத்திரண்டு சிப்பமும் உள்ளே இருந்தன.

திங்களன்று காலை துரையிடம் போனேன். சனிக்கிழமைத் தாளைக் கொடுத்தேன், எழுபத்திரண்டு கோடு. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, என் கையெழுத்துப் போட்ட பொறுப்புத் தாளை எடுத்துக் கிழித்தார். நான் போகாமல் நின்றேன். ஒன்பது நாளைக்கு ஒரு நாள் நான் வரமுடியாது என்பதை, முந்தின நாள் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பழகின உலாந்தா வாக்கியத்தில் சொன்னேன். அவர் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலியா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டுப் போ என்று சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

அவர் கேட்டது வேறு. மற்றப் படகுக்காரர்களுக்கும் இப்படி முறை உண்டா என்றார். உண்டு என்றேன். அவரவர் முறை நாளில் படகுக்கு வரமாட்டார்களா? வரமாட்டார்கள். அப்படியானால் இத்தனை வருடமும் சில நாள் துடுப்புக்கு ஆள் குறைந்து கப்பல் காத்துக் கிடந்ததற்குக் காரணம் இதுதானா என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். ஆமாம், அதுதான். கோட்டையில் எழுதி வைத்த காரணம் சோம்பேறித்தனம்.

அவர் சுவரைக் காட்டினார். படகுக்காரர் பத்தியை நிரப்பு, எல்லார் வீட்டு முறையும் வேண்டும் என்றார். எல்லார் முறையையும் நான் பார்த்திருந்தேன். ஓலை எடுத்துக் காட்டும்போது வட்டத்தருகே நின்றவன் நான். எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு வீட்டின் முறை எது என்று தெரிந்தால் அந்த நாளில் ஆளை மிரட்டிப் படகுக்கு இழுக்கவும் முடியும். வெள்ளியன்று சிப்பாய்களை அனுப்பலாம் என்றவரும் இவரே. கேட்டுவிட்டுத்தான் எழுத முடியும் என்றேன். யாரைக் கேட்க வேண்டும் என்றார். ஒவ்வொருவரையும், மரைக்காயரைக் கேட்ட மாதிரி, தறிக்காரரைக் கேட்ட மாதிரி என்றேன். அதுவரைக்கும் என்னுடையதை மட்டும் எழுதுகிறேன்.

எழுது என்றார். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த பதில். இன்று வரை வேறு பதில் சொன்னதில்லை.

தை கழிந்து வந்த கப்பலில் கடிதம் இருந்தது. சிவப்புத் துணி வருடப் பிறப்புக்கு வெகு முன்பே விற்றுத் தீர்ந்ததாம், அடுத்த வருடம் நூறு சிப்பம் வேண்டுமாம். அதற்குள் குப்பத்தில் பாதிப் பேர் தங்கள் முறையை எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மாமா சொல்லவில்லை. உன் கண்ணுக்குத் தெரிஞ்சதை ஏன் என் வாயால கேக்குற என்பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் வெள்ளிக்கிழமையை. மார்பளவு தண்ணீரில் வலைக் கழியைக் கட்டிப் பிடித்து நின்றேன். நீரோட்டம் காலடி மண்ணை வாரிக்கொண்டே இருந்தது. முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. நைனா எனக்காகக் கட்டக் கூடாது. கரையிலிருந்து கையால் காற்றில் போட்டுக் காட்டினார். மேலே சுற்று, கீழே நுழை, இழு. மூன்றாவது தடவை நின்றது. உள்ளங்கை கிழிந்து உப்பு எரிந்தது. கோட்டையில் மணி அடித்தார்கள், கிட்டங்கி திறக்கிற மணி. எண்ணாமல் இருக்க முடியவில்லை. எண்ணி முடித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தேன். இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.